துவரம்பருப்புக்கு இரண்டு விலை

சிதம்பரம் மேலவீதியில் தட்சிணாமூர்த்தி பருப்பு விலை கேட்டால் அரசாங்கமே கேட்கிறது என்று அர்த்தம். மாதா மாதம் அதே கடை, அதே ரகம். கடைக்காரர் சொன்ன விலையை எழுதிக் கடலூர் அலுவலகத்துக்கு அனுப்புவார். போன மாதத்தோடு ஒப்பிட்டு, விலைவாசி எவ்வளவு ஏறியது என்று அங்கே கணக்குப் போடுவார்கள். விலைவாசியில் தமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது அவர் நினைப்பு.

அந்த நினைப்பில், தாம் எழுதிய விலைப்படியே வீட்டுச் செலவுக்கும் பணம் கொடுத்தார். மனைவி லோகநாயகிக்கு இருபதாம் தேதிக்குள் கை காய்ந்துவிடும். ஊரே பருப்பு விலையைச் சொல்லிப் புலம்பிய 2009-லும் அவர் ஏட்டில் பருப்பு சாதுவாகவே இருந்தது. நெல்லிக்குப்பத்தில் இருக்கும் தன் தம்பிக்கு இவள் பணம் தள்ளுகிறாள் என்று முடிவு கட்டினார். முகத்துக்கு நேரே கேட்டும் விட்டார்.

லோகநாயகி அழவில்லை. “நீங்க வெல எழுதுற உத்திராபதி கடைக்கே வாங்க. நீங்க பக்கத்து டீக்கடையில நில்லுங்க, நான் கேக்குறேன்” என்றாள்.

“துவரம்பருப்பு என்ன வெலைங்க?”

“தொண்ணூறும்மா.”

போன மாதம் போலவே முந்தாநாளும் அதே உத்திராபதி அவரிடம் எழுபத்திரண்டு என்றுதான் சொல்லியிருந்தார். தட்சிணாமூர்த்தி எதிரே வந்து நின்றதும் கடைக்காரருக்கு வேர்த்துவிட்டது.

“கோச்சிக்காதீங்க சார். கவர்மெண்டு ஆளு எழுதிக்கிட்டுப் போறீங்க. ஜாஸ்தி சொன்னா, பதுக்குறோம்னு ஸ்டாக் பாக்க ஆள் வந்துடுவாங்களோன்னு பயம். எல்லாக் கடையிலயும் இப்படித்தான் சொல்றோம்.”

இத்தனை வருடம் எழுதியது இந்த லட்சணமா என்பதைவிட, மனைவியைச் சந்தேகப்பட்டோமே என்ற வெட்கம்தான் அவரைப் பிடுங்கித் தின்றது.

மறுநாள் தொண்ணூறு என்று திருத்தி அனுப்பினார். ஒரே மாதத்தில் இவ்வளவா என்று சரிபார்க்கக் கடலூரிலிருந்து மேலதிகாரி சார்லஸ் வந்து இறங்கினார். ஒருவருக்கு இருவராக அதிகாரிகளைக் கண்ட உத்திராபதி கும்பிட்டபடியே சொன்னார்: “எழுபதுங்க சார்.”

“தொண்ணூறுன்னு யாரு சொன்னா?” என்றார் சார்லஸ்.

“என் வீட்ல சார். இவரு பயந்துக்கிட்டு...”

“கடைக்காரர் சொல்றத எழுதுங்க. வீட்ல சொல்றத எழுதினா நாடு தாங்குமா?” சார்லஸ் எழுபது என்று திருத்தினார். அந்த விலைக்கே தம் வீட்டுக்கும் ஐந்து கிலோ வாங்கிக்கொண்டு வண்டி ஏறினார். கடலூர்க் கணக்கில் அந்த மாதம் சிதம்பரத்தில் பருப்பு விலை இரண்டு ரூபாய் இறங்கியது.

அடுத்த நாள் லோகநாயகி வெறும் பையோடு திரும்பினாள்.

“தொண்ணூத்தஞ்சாம். ஆபீசருக்குக் குடுத்த நஷ்டத்த எங்கிட்டதான் புடிப்பாராம். நம்பலன்னா டீக்கடையில போயி நில்லுங்க.”

தட்சிணாமூர்த்தி எங்கேயும் போகவில்லை. சட்டைப் பையில் இருந்த பணத்தை எண்ணாமல் எடுத்து அவள் கையில் கொடுத்தார்.