ஏலத்தில் சேராத புரோகிராம்

ரோசரிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று காட்டூரில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு அதில் எரிச்சல்தான். அந்தக் குணத்தால் 1987 டிசம்பரில் அவள் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவன் நான். அப்போது பாலக்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். எங்கள் மார்க் லிஸ்ட் அவளை நம்பித்தான் இருந்தது, ஆகவே அவள் பாடு என் பாடும்தான்.

ரோசரி ஊருக்கு வெளியே ஒரு நூல் மில்லில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். எண்பத்தைந்தில் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஆபீசிலிருந்த ஆண்கள் அதைத் தொடப் பயந்து, "டைப் அடிக்கிறவதானே, நீயே பாரு" என்று அவள் தலையில் கட்டினார்கள். மெட்ராஸ் கம்பெனி ஒன்று பட்டியல் போடும் புரோகிராமைப் பிளாப்பி என்ற மெல்லிய தகடுகளில் அனுப்பியது. பெயர்களையும் எண்களையும் கொடுத்தால் கேட்ட வரிசையில் அடுக்கி அச்சடித்துத் தரும். ஆறே மாதத்தில், ரோசரி லீவு போட்டால் மில்லில் ஒரு பட்டியலும் வெளியே வராது என்று ஆகிவிட்டது. மறு வருடம் ஆகஸ்டில் மில் கேட்டில் பூட்டு தொங்கியது.

அப்புறம் மில் கடனுக்காகப் பேங்க்காரர்கள் ஆபீஸ் சாமான்களை ஏலம் விட்டார்கள். வந்தவர்களெல்லாம் பீரோவுக்கும் ஃபேனுக்கும் போட்டி போட, கம்ப்யூட்டரை ரோசரி எடுத்தாள். கூடவே ஓர் அட்டைப்பெட்டியில் பிளாப்பிகளும் வந்தன. வீட்டு முன்னறையில் அதை வைத்து ஆறு பள்ளிக்கூடங்களுக்கு மார்க் லிஸ்டும் ரேங்க் கார்டும் போட ஆரம்பித்தாள். அவளும் அவள் அம்மா வியாகுலம்மாளும் சாப்பிட்டது அதில்தான்.

காலாண்டுத் தேர்வு லிஸ்டில் ஒரு தப்பு இல்லை. எங்கள் ஹெட்மாஸ்டரே அசந்துபோனார். அந்தச் சந்தோஷத்தில், மெஷினை மந்திரித்தே ஆக வேண்டும் என்று வியாகுலம்மாள் பிடிவாதம் பிடித்தார். எங்கள் கிறிஸ்தவ ஜனங்கள் அப்படித்தான். வீடு கட்டினாலும் ஸ்கூட்டர் வாங்கினாலும், சாமியார் வந்து தீர்த்தம் தெளிக்காமல் மனசு ஆறாது. பங்குச் சாமியாருக்கு வயதாகிவிட்டது, ஆனால் கை தாராளம். "எல்லாத்தையும் திறந்து வைம்மா, உள்ளேயும் படட்டும்" என்றார். ரோசரி மெஷினின் உறையை எடுத்தாள். போதாதென்று, அட்டைப்பெட்டியிலிருந்த பிளாப்பிகளையும் எடுத்து வரிசையாகப் பரப்பி வைத்தாள்.

அவற்றில் ஒன்றை அவள் சாவி பிளாப்பி என்பாள். அதைப் போட்டால்தான் புரோகிராம் வேலை செய்யும். அதற்கு நகல் எடுக்க முடியாதபடி கம்பெனி செய்திருந்தது. பிளாப்பியின் உறையில் உள்ளேயிருக்கும் கறுப்புத் தகடு தெரிகிற மாதிரி ஒரு திறப்பு உண்டு. உப்புப் போட்டு மந்திரித்த தீர்த்தம் நேராக அங்கே விழுந்து காய்ந்தது. மறுநாள் அந்தப் பிளாப்பியை மெஷின் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அரையாண்டுத் தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. ஜனவரியில் ரேங்க் கார்டு கொடுப்பதற்குள் வேறு சாவி வராவிட்டால் ஆறு பள்ளிகளும் அவளைக் கைவிட்டுவிடும், எங்களுடையதும் சேர்த்துத்தான்.

புதிய சாவி கேட்டுக் கம்பெனிக்கு எழுதினாள். இரண்டு வரி போதும். அவளோ மில், ஏலம், தீர்த்தம் எல்லாவற்றையும் இரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்பியிருந்தாள். பதில் சுருக்கமாக வந்தது. கம்ப்யூட்டர் உங்களுடையது, புரோகிராம் உங்களுடையது அல்ல. அதை நாங்கள் மில்லுக்கு விற்கவில்லை, உபயோகிக்க அனுமதிதான் கொடுத்தோம். அந்த அனுமதி இன்னொருவருக்குச் செல்லாது.

"என்னண்ணே இது? நாற்காலியை ஏலத்துல எடுத்தா, அதுல உட்கார்றதுக்குத் தனியா கேக்கணுமா?" என்றாள்.

"மில்லு ஆபீஸ்லேருந்து எழுதுறேன்னு ஒரு வரி போட்டிருந்தா இந்நேரம் பார்சல் வந்திருக்கும். தீர்த்தக் கதையை எவன் கேட்டான்?" என்று கத்தினேன். கத்திவிட்டு, மறுநாள் லீவு போட்டு அவளை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப் போனேன். தெற்குச் சித்திரை வீதியில் சௌம்யநாராயணன் என்று எனக்குத் தெரிந்த வக்கீல் இருந்தார்.

அவர் கடிதத்தை மூன்று தடவை படித்தார். "ஒரு புஸ்தகம் வாங்கறேள். படிச்சுட்டு இன்னொருத்தருக்கு வித்துடலாம், யாரும் கேக்க முடியாது. எண்பத்துநாலுல காப்பிரைட் சட்டத்தைத் திருத்திக் கம்ப்யூட்டர் புரோகிராமையும் இலக்கியத்துல சேர்த்துட்டா. அதனால இதுவும் புஸ்தகம் மாதிரிதான்."

"மார்க் லிஸ்ட் போடுறது இலக்கியமா சார்?" என்றேன்.

"சட்டத்துல இலக்கியம்."

ரோசரியின் முகம் மலர்ந்தது. "அப்ப எனக்குத்தானே சார்?"

"இருங்கோ. கோயில்ல ஒருத்தருக்குக் கைங்கர்ய முறை இருக்கு. அதை ஏலத்துல எடுத்தேன்னு வேற ஒருத்தர் போய் நின்னா உள்ளே விடுவாளா? கம்பெனி அதைத்தான் சொல்றது. அனுபவிக்கற பாத்யதைதானாம், சொத்து இல்லையாம்."

"அப்ப எனக்கு இல்லையா?"

"அப்படியும் சொல்லிட முடியாது."

பிளாப்பி வந்த கவரை வாங்கிப் பார்த்தார். கவரைப் பிரித்தாலே எல்லா நிபந்தனைகளுக்கும் ஒப்புக்கொண்டதாக அர்த்தம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. "யார் பிரிச்சா?" என்று கேட்டார்.

"நான்தாங்க சார். மேனேஜர் பிரிக்கச் சொன்னாரு."

"அப்போ ஒத்துண்டது மில்லா, நீங்களா?"

ரோசரி என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"சரி, மில் மூடியாச்சோல்லியோ?"

"மூடலைங்க சார். நிக்குது."

எப்போதும் அப்படித்தான் சொல்வாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளோடு பேசவே முடியாது. பொங்கலுக்குள் திறந்துவிடுவார்கள் என்பாள், பொங்கல் போனால் ஈஸ்டர் என்பாள். கம்ப்யூட்டரை ஏலத்தில் எடுத்ததற்கே காரணம், மில் திறந்ததும் கொண்டுபோய் அதே மேசை மேல் வைக்கலாம் என்பதுதான். அந்த மேசை அதே ஏலத்தில் தொட்டியத்துக்காரர் ஒருவரோடு போயிருந்தது. அதைச் சொன்னால், வேறு மேசை வாங்குவார்கள் என்பாள்.

வக்கீல் கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டார். கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு பதில் வந்தது. தனிச் சலுகையாக அனுமதியை உங்கள் பெயருக்கு மாற்றித் தருகிறோம், ஆனால் மில் சார்பில் ஒரு கடிதம் வேண்டும். மில் நிரந்தரமாக மூடப்பட்டது, புரோகிராமை இனி உபயோகிக்காது, நகல் எதுவும் வைத்திருக்கவில்லை, இன்னாருக்குக் கொடுக்கிறது என்று அதில் இருக்க வேண்டும். எங்கள் பதிவு அட்டையில் மில்லின் பொறுப்பாளராக உள்ளவரே கையெழுத்திட வேண்டும். அந்த அட்டையில் இருந்த பெயர் ரோசரி. எண்பத்தைந்தில் மேனேஜர் சொன்னதால் அவளே தன் பெயரை நிரப்பி அனுப்பியிருக்கிறாள்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "போச்சு போ, நீயே குடுத்து நீயே வாங்கிக்க!"

அவள் சிரிக்கவில்லை. "மில்லு பேர்ல நான் எப்படிண்ணே கையெழுத்துப் போடுறது? நான் இப்ப அங்க வேலையிலயா இருக்கேன்?"

"மில்லு நிக்குதுன்னுதானே சொல்றே? அப்ப வேலையிலதான் இருக்கே."

"வேலையில இருக்கேன்னா, மூடிட்டாங்கன்னு எப்படி எழுதுறது? மூடிட்டாங்கன்னா, கையெழுத்துப் போட நான் யாரு?"

வக்கீலுக்குப் போன் போட்டேன். அவர் மறுபடியும் ஒரு தடவை சொல்லச் சொன்னார். "அவாதானே கேக்கறா, போட்டுடச் சொல்லுங்கோ" என்று வைத்துவிட்டார்.

எங்கள் பள்ளி ஆபீஸ் டைப்ரைட்டரில் அவள் அந்தக் கடிதத்தை அடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறவள், நிரந்தரமாக மூடப்பட்டது என்ற இடத்தில் விரல்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நான் அடிக்கட்டுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். கொடுப்பவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து, பெறுபவர் என்ற இடத்தில் இன்னொரு கையெழுத்து. அதுவரை அவளைத் திட்டிக்கொண்டிருந்த நானே மை காய ஊதி மடித்துக் கொடுத்தேன்.

சாவி பிளாப்பி ஜனவரி நான்காம் தேதி வந்தது. ரேங்க் கார்டுகள் நேரத்துக்குப் போயின, ஒரு பள்ளிக்கூடமும் அவளை விடவில்லை. அந்தக் கைமாற்றம் சட்டப்படி சரியா, முதலிலேயே அவளுக்கு உரிமை இருந்ததா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வக்கீலுக்கும் விளங்கியதாகத் தெரியவில்லை. ஆனால் கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டுக் காட்டூர் பஸ்ஸில் திரும்பியதை நான் மறக்கவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் ரோசரி அழ ஆரம்பித்தாள். மில்லில் பூட்டுத் தொங்கிய நாளில்கூட அழாதவள், பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். டிக்கெட் போட வந்த கண்டக்டர் பதறிப்போனார்.

"ஏம்மா, வீட்டுல யாராச்சும் தவறிட்டாங்களா?"

"ஆமாங்க."

"அடடா. எப்பம்மா?"

"போன வருஷம் ஆகஸ்ட்டுல. இன்னைக்குத்தாங்க எழுதிக் குடுத்தேன்."

கண்டக்டர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

"ரெண்டு காட்டூர்" என்றேன்.