ஐந்து மாதம் மிச்சமிருந்த பாஸ்போர்ட்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஓர் ஐப்பசி மாதக் காலையில், சென்னை விமான நிலையத்தில் நடந்தது இது. நான் சங்கரன்கோவிலில் உரக்கடை வைத்திருப்பவன். கோபக்காரன் என்று பெயர். அந்தப் பெயர் சும்மா வரவில்லை.

என் மாப்பிள்ளைக்கு லாவோஸ் நாட்டில், மலைக்குள், அணைக்கட்டு வேலை. மகளுக்குத் தலைப்பிரசவம். ஊருக்குக் கூட்டி வந்து பார்ப்பதுதான் எங்கள் முறை. ஆனால் பிரஷர் கூடியிருப்பதால் விமானத்தில் ஏறக்கூடாது என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டார். அவர்கள் இருக்கும் மலையூரில் பிரசவ வசதி கிடையாது. ஆஸ்பத்திரிக்கு ஐந்து மணி நேரம் மலைப்பாதையில் இறங்க வேண்டும். மாப்பிள்ளைக்கு அதிக நாள் லீவு கிடைக்காது. அதனால் நானும் மனைவியும் மூன்று வாரம் முன்னதாகவே போய், ஆஸ்பத்திரிப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து மகளைக் கூட வைத்துக்கொள்வது என்று முடிவு.

விசாவை அங்கே இறங்கியதும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டுமாம். மனைவியுடையது புதுசு. என்னுடையது சிங்கப்பூர் போவதற்காக எப்போதோ எடுத்தது. ஐந்து மாதம்தான் பாக்கி.

"மாமா, அதை மொதல்ல புதுப்பிச்சிருங்க" என்று மாப்பிள்ளை போனில் இரண்டு தடவை சொன்னார்.

"ஒரு மாசத்துக்குத்தான மாப்ள வாரேன்? அங்கன குடியிருக்கவா வாரேன்?" என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

விமான நிலையக் கவுன்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும், "உங்களை ஏத்த முடியாது சார். அம்மா போகலாம்" என்றாள். கத்தினேன். மேலதிகாரி வந்து அதையே சொன்னார். அவரிடமும் கத்தினேன்.

மனைவி என் கையைத் தொட்டாள். "நான் மட்டும் போயிருதேன். பிள்ள அங்கன தனியா கெடக்கா."

"ஏட்டி, ஒரு போர்டு படிக்கத் தெரியுமா ஒனக்கு? பாங்காக்ல எறங்கி வேற பிளேன் ஏறணும். தொலஞ்சி போனா எவன் தேடுவான்?"

பின்னால் பர்தா போட்ட ஓர் அம்மா நின்றிருந்தார். கடையநல்லூர்க்காரராம், பாங்காக்கில் இருக்கும் மகனிடம் போகிறவர். "அண்ணாச்சி, மதினிய எங்கூட விடுங்க. அடுத்த பிளேன்ல ஏத்திட்டுத்தான் நான் நகருவேன்" என்றார்.

"ஒங்க ஜோலியப் பாத்துட்டுப் போங்கம்மா."

இவ்வளவுதான் நான் சொன்ன பதில். பெட்டிகளை இழுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். மனைவி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தாள்.

ஊர் திரும்பிக் கடை திறந்த அன்றைக்கே ஒரு விவசாயி கேட்டார்: "என்ன வே, ஃபாரினு அவ்வளவு சுருக்கா முடிஞ்சிட்டோ?" அவரையும் ஏசி அனுப்பினேன்.

புதுப் பாஸ்போர்ட் வந்து, மறுபடி டிக்கெட் போட்டு, கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது மகளுக்கு வலி வந்துவிட்டது. நாள் கணக்குக்கு முன்னாலேயே வந்த வலி. மாப்பிள்ளை வேனை ஓட்ட, அவள் பின் சீட்டில் தனியாகக் கிடந்து மலை இறங்கியிருக்கிறாள். பாதி வழியில் அவள் அலறியதும் அவர் ஒரு வளைவில் வண்டியை நிறுத்தியிருக்கிறார். அங்கே ரோட்டோரம் பூசணிக்காய் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்திருக்கிறாள். காய்களை அப்படியே போட்டுவிட்டு வேனுக்குள் ஏறி, என் மகளின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாளாம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் பேத்தி பிறந்தாள். இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம். என் புத்திசாலித்தனம் இல்லை.

பிறகு நாங்கள் போய்ச் சேர்ந்து, குழந்தையோடு எல்லோரும் அதே பாதையில் மலை ஏறினோம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளம். சும்மா உட்கார்ந்து வந்த நானே முன் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த வளைவில் மகள் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"இவங்கதாம்மா."

என் மனைவி அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அந்தப் பெண் சிரித்தபடி என்னென்னவோ பேசினாள். எனக்கு உட்கார ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டாள். நான் உட்காரவில்லை.

"அன்னைக்கு ஒங்கிட்ட என்னம்மா சொன்னாங்க?" என்று மகளிடம் கேட்டேன்.

"ஒண்ணும் புரியலப்பா. ஆனா வாய மூடவே இல்ல. அம்மா மாதிரியே பேசிக்கிட்டே வந்தாங்க."

மகள் என்னைக் குறை சொல்லவில்லை. மனைவியும் இன்றுவரை அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எடுத்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அது எனக்கு வரும். அவள் தொலைந்துபோவாள் என்று அன்றைக்குக் கத்தினேனே, அது பொய். நான் இல்லாமலேயே அவள் மகளிடம் போய்ச் சேர்ந்துவிடுவாள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, இதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.