வனமாமலையின் தாடி

அந்த விளையாட்டை ஆரம்பித்து வைத்தவள் மஹாலட்சுமி. சுங்குவார்சத்திரம் போகிற கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கென்று ஓர் இடம் உண்டு. வெளியே தாடியோடு ஓர் ஆள் நின்றால் போதும், பஸ் அவனைக் கடப்பதற்குள் அவன் ஏன் சவரம் செய்துகொள்ளவில்லை என்று சொல்லிவிட வேண்டும்.

“டீக்கடையாண்ட நிக்கிறான் பாரு, நீலச் சட்ட. லவ் ஃபெயிலியர்.”

“இல்லக்கா, மூஞ்சி சந்தோசமா கீது. பொண்டாட்டி முழுவாம இருப்பா.”

“அப்ப அந்தாண்ட குந்திகினு கீறவன்?”

“அவன் சோம்பேறி. பிளேடு வாங்கப் போவ சொல்லோ தூங்கிட்டான்.”

பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிக்கும். பேச்சியும் சிரிப்பாள், வாயைக் கையால் மூடிக்கொண்டு. அவள் நாங்குநேரிப் பக்கத்துக்காரி. இந்த ஊர்ப் பேச்சு காதில் ஏறிவிட்டது, நாக்கில் ஏறவில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பாள். அதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும்.

ஆவணியில் ஒரு நாள் விளையாட்டு அவள் பக்கம் திரும்பியது.

“இன்னா பேச்சி, உங்க வூட்டுக்காரரு தாடி எந்தக் கணக்குல வருது? மாவு மில்லாண்ட பாத்தேன். முள்ளு வேலி மாரி கீது.”

பேச்சி துப்பட்டாவை வயிற்றுக்கு நேராக இழுத்து விட்டுக்கொண்டாள். மஹாலட்சுமிக்கு அது போதுமானதாக இருந்தது.

“அடிப்பாவி. பக்கத்துல குந்திகினு தெனம் வர்றேன், சொல்லவே இல்ல.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஒரு கெட்டது சொல்றேன், ஒரு நல்லது சொல்றேன், கேட்டுக்கோ. தாடி வெச்சவன் கன்னத்தாண்ட வந்தா தேங்கா நாரு வெச்சி தேய்க்கிற மாரி இருக்கும். பெரியவன் வயித்துல இருக்க சொல்லோ எம் மூஞ்சி செவந்தே கெடந்துது.”

“நல்லது?”

“ரோட்ல போற ஜனமெல்லாம் அந்தாளப் பாத்து எத்தினி மாசம்னு கேக்கும். நம்மள கேக்காது.”

பேச்சிக்கு யாரும் கேட்காமல் இருப்பதுதான் வேண்டியிருந்தது. போன வருஷம் மூன்றாம் மாதத்திலேயே எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. அது தங்கவில்லை என்பதையும் பிறகு எல்லோருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. ஊரிலிருந்து மாமியார் போனில் அழுதாள். அழுது முடித்துவிட்டு, “பொண்டாட்டி மாசமா இருக்கையில எவனாவது மொகத்துல கத்தி வைப்பானா? அவன் தெனம் வழிச்சிட்டுல்லா திரிஞ்சான். அதான் தங்கல” என்றாள்.

அந்தப் பேச்சைப் பேச்சி நம்பினாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஆனால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இந்த முறை நாள் தள்ளிப்போனதும் வனமாமலையிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை சந்தோஷச் செய்தி அல்ல. “இனிமே பிளேடத் தொடாதீய” என்றாள்.

அவன் ஒரகடத்தில் கார்களுக்கு பம்பர் செய்யும் கம்பெனி ஒன்றில் பெயிண்ட் ஷாப்பில் இருந்தான். “அங்க தாடிக்குத் திட்டுவாகளே” என்று கன்னத்தைச் சொறிந்தான்.

“திட்டட்டும். நான் வயித்துல சுமக்கேன்லா. நீங்க மொகத்துல சுமங்க.”

அவன் சவர டப்பாவை எடுத்துப் பரணில் போட்டான்.

மாசமாக இருப்பவர்களுக்கு இரவு ஷிஃப்ட் கிடையாது என்று பேச்சியின் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அவள் பகலுக்கு மாறினாள். காண்ட்ராக்டில் இருந்த அவனுக்கு எப்போதும் இரவு. அதுவரை இருவரும் ஒரே இரவில் வேலைக்குப் போய் ஒரே பகலில் தூங்கினார்கள். இப்போது அவள் பஸ் ஏறிய பிறகு அவன் பஸ் வந்து சேரும். சாயந்திரம் அவன் போன பிறகு அவள் வருவாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லைன் வீட்டில் ஓர் அறை. பாய் சுருட்டாமல் கிடக்கும். தலையணையில் அவன் தலை பதிந்த பள்ளம் இருக்கும். கழுவிக் கவிழ்த்த தட்டு ஒன்று. ஆளில்லை. ஷிஃப்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸிலிருந்து போன் செய்வான். “சாப்ட்டியா? மாத்திர போட்டியா?” அதற்குள் பஸ் இரைச்சல் அவனை எடுத்துக்கொண்டுவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவன் தாடி வளர்வது அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் வேறு ஆளாக வந்தான். அவள் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்வான். அவள் தேங்காயெண்ணெய் தொட்டு நீவிவிடுவாள்.

“அரிக்கிதுளா.”

“அரிக்கட்டும். எனக்குக் கொமட்டலயா?”

தாடி வைத்தவர்களைப் பார்த்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் அவள் முன்பெல்லாம் நினைத்திருந்தாள். பெண் பார்க்க வந்தபோது இவனை அவளுக்குப் பிடித்ததும் மழித்த கன்னத்தில் விழுந்த குழிக்காகத்தான். இப்போது குழி மூடிவிட்டது. பதிலுக்கு, தாடையில் ஒற்றை வெள்ளை முடி ஒன்று கிடைத்தது. அவனுக்கே தெரியாத அந்த முடியைப் பற்றி அவள் அவனிடம் சொல்லவில்லை.

தாடிக்கென்று பாக்கெட் சீப்பு ஒன்று வாங்கிக் கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். வேலை முடிந்து வந்ததும் முதலில் அந்தச் சீப்பைத்தான் பார்ப்பாள். பற்களுக்கு நடுவே சுருண்ட முடி ஒன்றோ இரண்டோ இருக்கும். இன்றைக்கும் அவன் இங்கே இருந்தான், இன்றைக்கும் சுமக்கிறான் என்று அவளுக்கு அர்த்தம். பிறகுதான் விளக்கைப் போடுவாள்.

கார்த்திகை பிறந்ததும் மஹாலட்சுமியின் விளையாட்டு கெட்டது. ஊரில் பாதிப் பேர் மாலை போட்டுக்கொண்டு தாடி வளர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். “எல்லாம் சாமியாப் பூட்டானுங்க. இனிமே தை வரிக்கும் ஒண்ணும் கண்டுபுடிக்க முடியாது” என்று அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் சீப்பு சுத்தமாக இருந்தது.

அவசரத்தில் வாராமல் போயிருப்பான் என்று பேச்சி நினைத்தாள். மறுநாளும் சுத்தம். ஞாயிற்றுக்கிழமை வரும், பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால், சனிக்கிழமை சாயந்திரம் போன் வந்தது. “நாளைக்கி ஓவர்டைம் இருக்கு. இங்கயே ரெஸ்ட் ரூம்ல படுத்துக்கிடுதேன்.” இதற்கு முன் ஒரு ஞாயிறும் அவன் அப்படித் தங்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர்க் குழாயடியில் ஜெயம் இருந்தாள். பக்கத்து அறைக்காரி. கேன்டீன் ஒன்றில் சமைக்கிறாள், தனியாள். குடம் நிறைகிற வரைக்கும் சும்மா இருக்க மாட்டாள்.

“உன் ஆளு தாடி நல்லாத்தான்மா வளத்துகினு கீறாரு. என் ஆளும் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தாடிதான். பீடி நாத்தம். எடுய்யா எடுய்யான்னு நானும் கத்தி ஓஞ்சி பூட்டேன். ஒரு நாளு மழுமழுன்னு வந்து நிக்கிறான். பவுடரு வேற.”

“நீங்க சொன்னதக் கேட்டாருல்லா.”

“எங்க கேட்டான்? வேற ஒருத்தி சொல்லிகீறா. அத்த கேட்டுகினு எடுத்துகீறான். நான் அன்னிக்கே மூட்ட கட்டி வெச்சிட்டேன், எனுதில்ல, அவுனுத.” குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். “இப்ப அவ வூட்ல திரும்ப தாடி வெச்சிகீறானாம். அவளுக்கும் அவ்ளோதான் மரியாத.”

பேச்சி சிரிக்க முயன்றாள். அன்று பகல் முழுவதும் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் மாதம் நடக்கிறது. அசையுதா, அசையுதா என்று மாமியாரும் அம்மாவும் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். இன்னும் அசையவில்லை. போன தடவையும் இப்படித்தான், எதுவுமே தெரியாமல்தான் போனது. இந்த வயிற்றுக்கு அந்தப் பக்கம் முட்டுக்கொடுத்து நின்ற ஒரே ஆளும் கையை எடுத்துவிட்டான் என்றால்?

திங்கட்கிழமை அவள் பஸ் வந்தது. மஹாலட்சுமி ஜன்னலிலிருந்து கையாட்டினாள். பேச்சி, நீ போ என்று சைகை காட்டிவிட்டு, ஒரகடத்து பஸ் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே, மூடிய ஜெராக்ஸ் கடை வாசலில் போய் நின்றாள்.

அந்த பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் பலர் கழுத்தில் துளசி மணி, முகத்தில் புதுத் தாடி. கடைசியாக வனமாமலை இறங்கினான். மூக்குக்குக் கீழே கர்ச்சீப் கட்டியிருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் கண் நேராக அவள் வயிற்றுக்குப் போனது.

“என்னளா, வேலைக்குப் போவலயா? என்ன செய்யுது ஒனக்கு?”

“ஒண்ணுஞ் செய்யல. கர்ச்சீப்ப எடுங்க.”

“தூசிளா.”

“எடுங்க.”

எடுத்தான். கன்னத்துக்கு மேலே கறுத்தும் கீழே வெளிறியும் இரண்டு நிறமாக இருந்தது முகம். தாடையில் இரண்டு இடத்தில் வெட்டு. கல்யாணப் போட்டோவில் இருக்கும் முகம்தான். ஆனால் யாரோ அதை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்ததுபோல் இருந்தது. யார் அவ என்ற கேள்வியை நாக்கு நுனியில் வைத்திருந்தாள். அதற்குள் அவன் இருமினான். குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நெடுநேரம் இருமினான்.

“மாஸ்க்கு ஒட்டல பேச்சி” என்றான் நிமிர்ந்து. “தாடி இருந்தா ஓரத்துல காத்து போவுது. பெயிண்டு பூரா உள்ள போவுது. ஒரு நாள் துப்புனா செவப்பா வருது. ரத்தம்னு பயந்துட்டேன். பொறவு பாத்தா, அன்னைக்கு ஓடுன பம்பரு கலரு.”

அவள் கர்ச்சீப்பை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“சூப்பர்வைசர் ரெண்டு தடவ நல்லபடியாச் சொன்னாரு. மூணாந் தடவ பிளேடக் கையில குடுத்து பாத்ரூமுக்கு அனுப்பிட்டாரு.”

“என்கிட்ட சொல்லிருக்கலாம்லா.”

“எப்படிச் சொல்ல?” அவன் ஜெராக்ஸ் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டான். “மொத இழுப்பு இழுக்கையிலே பயத்துல வெட்டிக்கிட்டேன். இங்க ஒனக்கு ஏதும் ஆயிருமோன்னு. அன்னைலேந்து போன் அடிச்சாலே நெஞ்சு பதறுது. பகல்ல வந்து படுத்தாலும் தூக்கமில்ல. ஒன் மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சிரும்னுதான் நேத்து வரல.”

அவள் அவனுடைய கன்னங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாமியார் அவளுக்குள் வைத்ததை அவள் எடுத்து இவன் முகத்தில் வைத்தாள். இவன் அதை அவளைவிட அதிகமாக நம்பியிருக்கிறான். பெயிண்டைக் குடித்துக்கொண்டு நம்பியிருக்கிறான்.

“அசைஞ்சுதா?” என்று அவன் கேட்டான். தரையைப் பார்த்துத்தான் கேட்டான்.

“அசைஞ்சுது.”

சட்டென்று நிமிர்ந்தான். “எப்ப?”

“சனிக்கெழம. வேலையில நிக்கும்போது. இந்தா, இங்கன.” இடது பக்கம் தொட்டுக் காட்டினாள்.

அவன் மனசுக்குள் கணக்குப் போடுவது அவன் உதட்டில் தெரிந்தது. “வழிச்சதுக்குப் பொறவா?”

“பொறவுதான்.”

அவன் இரண்டு கையாலும் முகத்தை மேலிருந்து கீழாகத் தேய்த்துக்கொண்டான். கன்னத்தில் குழி விழுந்தது. “ஏளா, இத மொதல்லயே சொல்லதுக்கு என்ன” என்றான். டீ வாங்கிக் கொடுத்தான். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். அறைக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்து, வாயைத் திறந்து தூங்கிப்போனான்.

பேச்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வெகு நாளைக்குப் பிறகு பகல் வெளிச்சத்தில் அவன் தூங்குவதைப் பார்க்கிறாள். அவன் தன் சுமையை இறக்கி வைத்துவிட்டான். இடது பக்கம் கையை அழுத்தி வைத்துக் காத்திருந்தாள். ஒன்றும் இல்லை. வெளியே குழாயடியில் ஜெயம் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் இதைச் சொல்லலாம்போல இருந்தது. சொன்னால், பொய்தான் சொன்னேன் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதன் பிறகு தினமும் வேலைக்குப் போனாள். பஸ்ஸில் மஹாலட்சுமி கேட்டபோதும் அசைந்துவிட்டது என்று சிரித்தாள். மாமியார் போன் செய்து, “அசைஞ்சுட்டாமே, அவன் சொன்னான், ஆத்தா காப்பாத்திட்டா” என்றபோது “ஆமா அத்த” என்றாள். ஒருமுறை கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அசையேன், அசையேன் என்று வாய்விட்டுக் கேட்டாள்.

பிறகு ஒரு வியாழக்கிழமை. போன் திரைமேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டும் வேலை அவளுக்கு. காற்றுக் குமிழி விழாமல் ஒரு மூலையிலிருந்து தடவிக்கொண்டு போக வேண்டும். தடவிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து யாரோ விரலால் ஒரு தட்டுத் தட்டினார்கள். அவள் காட்டிய இடது பக்கத்தில் அல்ல, வலது பக்கம், கீழே. தாள் கோணலாகிக் குமிழி விழுந்தது.

“இன்னாம்மா, தூக்கமா?” என்றார் லைன் சூப்பர்வைசர்.

“இல்ல சார்.”

மறுபடி ஒரு தட்டு. அவள் அடுத்த போனை எடுத்தாள். இரண்டு பக்கமும் பெண்கள் குனிந்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மஹாலட்சுமி நாலு இடம் தள்ளித்தான் இருந்தாள். ஆனால் அவளுக்கும் அது பழைய செய்தி. இனிப்புகூட வாங்கித் தின்றாகிவிட்டது.

சாயந்திரம் வனமாமலை போன் செய்தான். பின்னால் பஸ் இரைந்தது.

“சாப்ட்டியா? மாத்திர போட்டியா?”

“ம்.”

“இன்னைக்கி அசைஞ்சுதா?”

அவள் சொல்ல வாயெடுத்தாள். முதலில் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

“அசைஞ்சுது.”

“எப்பவும் போலத்தானே?”

“எப்பவும் போலத்தான்.”

“செரிளா, எறங்கணும். மாஸ்க்கு இப்பம் நல்லா ஒட்டுது பாத்துக்க” என்று வைத்துவிட்டான்.

பேச்சி விளக்கைப் போடவில்லை. கதவையும் சாத்தவில்லை. பாயில் உட்கார்ந்து வலது பக்கம் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள், இன்னொரு தடவை வருமா என்று.