ஸ்டெல்லா அக்காவின் ‘பாத்தி’

செய்தி வந்த காலையில் புதுச்சேரி அலுவலகத்தில் இருந்தேன். ஸ்டெல்லா அக்காவின் கணவர் பிரான்சிஸ் அண்ணனின் எண்ணிலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தது. இரண்டு முறையும் எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்ததும், “உங்க அக்கா போயிட்டாப்பா” என்றார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஸ்டெல்லா அக்கா அப்படியே சரிந்து விழுந்திருக்கிறார். திண்டிவனம் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். நாற்பத்து நான்கு வயது.

அவரை அறிந்த பலர் இதைப் படிப்பீர்கள். தான் நடத்திய ‘பாத்தி’ கம்பெனி மூடியதால்தான் அவர் போய்விட்டார் என்று அடக்கத்தன்று சிலர் பேசினீர்கள். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் அது எப்படி மூடப்பட்டது என்பதைக் கூட இருந்து பார்த்தவன் நான். அதையாவது சரியாக எழுதி வைக்கவேண்டும்.

அக்காவின் அம்மா மரக்காணம் உப்பளத்தில் தலைச்சுமை தூக்கியவர். விடியுமுன் மூன்று கிலோமீட்டர் நடந்து உப்பளத்துக்குப் போவார். லாரி வந்தால் வேலை. வராவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அக்கா கம்ப்யூட்டர் படித்துச் சென்னையில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு, அம்மாவின் நோய்க்காக ஊர் திரும்பியபோதும் பெண்கள் அதேபோல வந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். என்னை வேலைக்குச் சேர்த்த அன்று அவர் சொன்னார்: “முதல் நாள் சாயங்காலமே ஓனர் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குத் தெரியுது, நாளைக்கு லாரி வராதுன்னு. சுமக்கிறவளுக்கு மட்டும் தெரியல. இது என்ன நியாயம், சொல்லு.”

அப்படிப் பிறந்ததுதான், உப்பு விளையும் பாத்தியின் பெயரையே வைத்த எங்கள் மென்பொருள் ‘பாத்தி’. உப்பள முதலாளிகளும் வியாபாரிகளும் பெரும்பாலும் ஒரே பெரிய கம்பெனியின் மென்பொருளைத்தான் வைத்திருந்தார்கள். ஆர்டர், இருப்பு, லாரி எல்லாம் அதற்குள் இருந்தன. வெளியார் தங்கள் மென்பொருளை அதனுடன் இணைத்துக்கொள்ள அந்தக் கம்பெனி அப்போது அனுமதித்தது. எங்கள் ‘பாத்தி’ அந்த இணைப்பு வழியாக மறுநாள் லாரி விவரத்தைப் படித்து, மாலை ஆறு மணிக்குத் தொழிலாளிகள் எல்லோருக்கும் போன் செய்யும். அக்காவின் குரலையே பதிந்து வைத்திருந்தோம். “நாளைக்கு லாரி வருது, வேலை இருக்குது, வாங்க.” இல்லையென்றால், “நாளைக்கு லாரி இல்லை, வீட்டிலேயே இருங்க.” உப்பளங்களில் தொடங்கி ஐஸ் கம்பெனிகள், செங்கல் சூளைகள் வரை போனது. மரக்காணத்தில் ஒரு மாடி அறையில் ஏழு பேர் வேலை செய்தோம்.

முதல் வருடமே நான் கேட்டேன். “அக்கா, அவங்க கனெக்‌ஷனை கட் பண்ணிட்டா நம்ம என்ன பண்றது?”

“ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா கூலிக்காரங்களுக்குப் போன் பண்றதுல அவங்களுக்கு என்ன லாபம் இருக்குது, நம்மளை கட் பண்றதுக்கு?”

நான்கு வருடம் அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது.

ஐந்தாம் வருடம் அந்தக் கம்பெனி எங்களைச் சென்னைக்கு அழைத்தது. அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு ஓர் அறையில் உட்காரவைத்து, ‘பாத்தி’ எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார்கள். அக்கா இரண்டு மணி நேரம் விளக்கினார். மேஸ்திரி எதைப் பதிய வேண்டும், மழை வந்தால் பட்டியல் எப்படி மாறும், எல்லாவற்றையும் சொன்னார். திரும்பும் பேருந்தில் அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. “நம்ம சொன்னதை ஒரு வரி விடாம எழுதிக்கிட்டாங்க, கவனிச்சியா?” என்றார். நானும் கவனித்திருந்தேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த உப்பு சீசனுக்குள் அவர்களுடைய மென்பொருளிலேயே அந்த வசதி வந்துவிட்டது. மேஸ்திரியின் பதிவு, மழைக்கு மாறும் பட்டியல், எல்லாம் நாங்கள் சொன்னபடி. முதலாளிகளுக்கு இலவசம். தொழிலாளிக்குப் போகும் போன் மட்டும் அதில் இல்லை. முதலாளியின் திரையோடு விவரம் நின்றுவிடும். பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது: போட்டிப் பொருள் விற்கும் நிறுவனங்களுக்கு இனி இணைப்பு கிடையாது, அறுபது நாளில் துண்டிக்கப்படும்.

அக்கா மறுபடியும் சென்னைக்குப் போனார். அன்று விவரம் கேட்டு எழுதிக்கொண்ட மேனேஜர்தான் பேசினாராம். “பெர்சனலா எடுத்துக்காதீங்க மேடம். பாலிசி அப்படி. இப்ப நீங்க எங்களுக்குப் போட்டி.”

“பொன்னாடை போர்த்துனப்ப யாருக்குப் போட்டியா இருந்தேன் தம்பி?” என்று அக்கா கேட்டிருக்கிறார். மேனேஜர் டீ வரவழைத்திருக்கிறார். என்னிடம் இதைச் சொல்லிவிட்டு அக்கா, “டீ நல்லாத்தான் இருந்துச்சு” என்றார்.

அடுத்து நடந்தது என் வேலை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இணைப்பு அறுந்ததும் ஓர் உப்பள முதலாளி தன்னுடைய பாஸ்வேர்டையே எங்களிடம் கொடுத்தார். அவர் பெயரில் உள்ளே நுழைந்து திரையைப் படிக்கிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதினேன். அக்கா தயங்கினார். “சீசன் முடியிற வரைக்கும்தான் அக்கா” என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். மூன்று வாரம் ஓடியது. பிறகு அவர்கள் திரையில் ஒரு கட்டத்தை இடம் மாற்றினார்கள். என் புரோகிராம் போன நாளின் லாரியை மறுநாள் லாரி என்று படித்துவிட்டது. “லாரி வருது, வாங்க” என்று எல்லோருக்கும் போன் போனது. நாற்பது பெண்களுக்கு மேல் இருட்டோடு நடந்து வந்து, வெயில் ஏறும்வரை காத்திருந்தார்கள். லாரி வரவில்லை.

ஏழு மணிக்கு அக்கா அங்கே போய் வரப்பில் நின்றார். நான் பின்னால் நின்றேன். கம்பெனிக்காரன் மாற்றிவிட்டான் என்று சொல்லியிருக்கலாம்; என்னைக் கைகாட்டியிருக்கலாம். “என் தப்புதான். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி உங்களுக்குச் சொல்லிட்டேன்” என்றார்.

சுமை தூக்கும் பெண்களில் மூத்தவரான அஞ்சலை ஆறுதலாகத்தான் பேசினார். “விடும்மா. நீ போன் பண்றதுக்கு முன்னாடியும் நாங்க இப்படி வந்து திரும்பினவங்கதானே.”

அந்த ஆறுதல்தான் அக்காவை உடைத்துவிட்டது. அறைக்கு வந்ததும், “அதை நிறுத்திடு” என்றார். அத்தோடு ‘பாத்தி’ நின்றது.

அதன் பிறகும் அவர் விடவில்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. பகலில் ஓர் இ-சேவை மையத்தில் வேலை பார்த்தார். மாலையில் முதலாளிகளுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து, “நாளைக்கு லாரி இருக்குதுங்களா?” என்று கேட்டு, அஞ்சலைக்குச் சொல்வார். முதலில் சிரித்துக்கொண்டே பதில் சொன்னவர்கள் பிறகு சலித்துக்கொண்டார்கள். பிறகு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஒரு மழைக்காலத்தில் அதுவும் நின்றது.

அக்காவின் போனை எடுப்பதை நானும் அப்படித்தான் நிறுத்தினேன். அந்தப் பெரிய கம்பெனியின் மென்பொருளைக் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் பொருத்திக் கொடுக்கும் புதுச்சேரி நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

“போடா. கிளியனூர்ல உங்க அம்மா அப்பா உன் சம்பளத்தைத்தான் நம்பி இருக்காங்க. ஒண்ணு மட்டும் செய். தொழிலாளிக்குப் போன் போற மாதிரி அதுல எங்கயாவது வழி இருக்குதான்னு உள்ள இருந்து பாரு.”

பார்த்தேன். வழி இல்லை. மேலே இருப்பவர்களிடம் கேட்டும் பார்த்தேன். “கூலிக்காரங்க நம்ம கஸ்டமர் இல்லையே சார்” என்று ஒருவர் புன்னகையோடு சொன்னார். அதை அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு முறை அவர் போன் செய்தபோது, “பாத்துட்டு இருக்கேன் அக்கா” என்று பொய் சொன்னேன். அப்புறம் எடுக்கவில்லை. நான்கு மாதம். அண்ணனின் எண் வந்த அன்றும், அக்காதான் அவர் போனிலிருந்து பேசுகிறார் என்று நினைத்தே ஒலிக்கவிட்டேன்.

அடக்கத்துக்கு உப்பளப் பெண்கள் வந்திருந்தார்கள். அன்று லாரி வந்திருந்தது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் அஞ்சலை என்னிடம் கேட்டார்.

“இனிமே யாராவது எங்களுக்குச் சொல்லுவாங்களா தம்பி?”

‘பாக்கலாம்’ என்ற சொல் நாக்குவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

“யாரும் சொல்லமாட்டாங்கக்கா. அந்தக் கம்பெனி சாஃப்ட்வேர்ல உங்களுக்குன்னு இடமே இல்லை. உள்ள இருந்து பாத்துட்டேன்.”

அவர் “சரி” என்று சொல்லிவிட்டு மற்ற பெண்களோடு நடந்துவிட்டார்.

நின்று, முகம் பார்த்து, இல்லாததை இல்லை என்று சொல்வது: ஸ்டெல்லா அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவ்வளவுதான். அதையும் அவருக்குச் செய்யாமல் விட்டேன்.