தி.நகரிலிருந்து அடையாறுக்கு, கைப்பையில் ஒரு மெழுகுக் கட்டி

சென்னையைச் சுற்ற வழி கேட்டு இங்கே வருபவர்களுக்கு இந்த முறை கடற்கரையும் இல்லை, டிபனும் இல்லை. போன மாதம் ஒரு திங்கட்கிழமை, என் வீட்டுக்காரரின் நாக்கிலிருந்து எடுத்த சதைத் துணுக்கோடு தி.நகரிலிருந்து அடையாறு போனேன். இதே வேலையாக அலையப் போகிறவர்கள் படித்துக்கொள்ளுங்கள்.

அவர் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவு சேல்ஸ்மேன். வாய்தான் பிழைப்பு. நாக்கோரத்தில் ஆறாத புண். தி.நகர் லேபில் பார்த்த பயாப்ஸியில் புற்று என்று வந்துவிட்டது. மேல்தோலோடு நிற்கிறதா, கீழே இறங்கிவிட்டதா என்பதில்தான் சந்தேகம். மேல்தோலுக்கு அடியில் புரதத்தாலான மெல்லிய வேலி ஒன்று உண்டாம். சாயம் ஏற்றிப் பார்த்தால் அது அறுந்திருக்கிறதா என்று தெரியும் என்றார் அடையாறு டாக்டர். அறுந்திருந்தால் நாக்கில் கூடுதலாக வெட்டி, கழுத்திலும் கத்தி வைக்கவேண்டும். பேச்சு பழையபடி இருக்காது.

காலை பத்து மணிக்கு தி.நகர் லேபில் கொடுத்தார்கள். சின்ன பிளாஸ்டிக் சட்டம், அதில் மெழுகு, மெழுகுக்குள் துணுக்கு, ஓரத்தில் பென்சிலால் எண். அதிலிருந்து மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டிய ஸ்லைடு ஒன்றும் கூடவே. நேராகப் போனால் ஆறேழு கிலோமீட்டர்தான். நான் ஆட்டோவை மயிலாப்பூருக்கு விடச் சொன்னேன்.

“இன்னாக்கா, அடையாறுன்னு ஏறிட்டு இப்போ மயிலாப்பூர்ன்றே?” என்றார் டிரைவர்.

“பிள்ளையாரைப் பாத்துட்டுப் போயிருவோம்ண்ணே.”

“சட்டுனு வா. வெயிலு கொளுத்திக்கினு கீது.”

வண்டிச் சாவியோ ஹால் டிக்கெட்டோ, எங்கள் வீட்டில் எதுவானாலும் பிள்ளையார் காலடியில் வைத்து நாலு மூலையிலும் மஞ்சள் குங்குமம் தடவித்தான் எடுப்போம். மயிலாப்பூர்த் தெருமுனைப் பிள்ளையாரிடம் இதையும் அப்படியே செய்தேன். சதை என்று யாரிடமும் சொல்லவில்லை.

அடையாறு லேபில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னக்கா பூசியிருக்கீங்க? நம்பரே தெரியலையே. யாரோடதுன்னு தெரியாம நான் டெஸ்ட் பண்ண முடியாது.”

ஐயோ, எனக்கு உயிரே போய்விட்டது. மறுபடியும் அந்த நாக்கில் ஊசியும் கத்தியுமா? ஈரப் பஞ்சால் துடைத்தாள். பென்சிலும் சேர்ந்தே போனது. பிறகு எண் அழியாமல் இருந்த ஸ்லைடை வாங்கி, கட்டியையும் அதையும் விளக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள். இரண்டிலும் துணுக்குக்கு ஒரே உருவம், ஒரே ஓரப் பிளவு. தி.நகருக்கும் போன் போட்டுக் கேட்ட பிறகே வாங்கிக்கொண்டாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆட்டோவுக்கு முந்நூற்றைம்பது ஆனது. கட்டியை வெயிலில் வைக்காதீர்கள், மெழுகு இளகும். ஸ்லைடையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். சாமியைக் கும்பிடுங்கள், கட்டி பைக்குள்ளேயே இருக்கட்டும்.

முடிவு வந்துவிட்டது. வேலி இரண்டு இடத்தில் அறுந்திருக்கிறது. நாளை மறுநாள் ஆபரேஷன்.

காலையிலிருந்து அவர் பேசிக்கொண்டே இருக்கிறார். கடை முதலாளி, கிரிக்கெட், எதிர்வீட்டு மோட்டார் என்று நிறுத்தாமல். அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் “ம்” கொட்டிக்கொண்டிருக்கிறேன்.