பெண்கள் எண்ணூறு மீட்டர்

“அண்ணை, ஈட்டி விழுந்த தூரத்தை முதல்ல சொல்லுங்கோ. காத்து எந்தப் பக்கம் அடிச்சதெண்டு பிறகு கதைப்பம்.”

ஜெர்மனியின் ஹம் நகரில், தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சலவை அறைக்குப் பின்னால், படியில் அமர்ந்து மெல்பேர்னுக்குக் கதைத்துக்கொண்டிருக்கிறார் குணேஸ்வரி. மதிய இடைவேளை அரை மணித்தியாலம். தொலைபேசி தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கப்பட்டிருக்கிறது. மடியில் தடித்த கொப்பி, பக்கத்தில் பாதி கடித்த பாண். எதிர்முனையில் இருப்பவரின் பெயரை அவர் தொலைபேசியில் பதியவில்லை. விளையாட்டையும் வருடத்தையும் சேர்த்து ‘ஈட்டி 58’ என்றுதான் பதிந்திருக்கிறார். ‘உயரம் 61’ லண்டனில் இருக்கிறார். ‘தடைதாண்டல் 67’ போன மாதம் காலமாகிவிட்டார். அந்த இலக்கத்தை அழிக்க மனம் வரவில்லை.

பத்து வருடமாகக் குணேஸ்வரி எழுதிவருவது, இலங்கையின் வடபகுதிக் கல்லூரிகள் மெய்வல்லுநர் இணையத்தின் வரலாறு. ஐந்து ஆண்கள் கல்லூரிகள் 1934இல் தொடங்கிய அமைப்பு அது. சண்டையில்தான் பிறந்தது. மீசை முளைத்து, கலியாணமும் பேசி முடித்த ஒருவரைப் பதினாறு வயது என்று சொல்லி நூறு யார் ஓட்டத்துக்கு இறக்கிவிட்டார்களாம். அதனால் பிறப்புச் சான்றிதழ் காட்டவேண்டும் என்பதே முதலாவது விதியாயிற்று. முதல் போட்டிக்குச் சுண்ணாம்பு வந்து சேரவில்லை. பாதைகளைச் சாம்பலால் கீறினார்கள். பின்னேரம் காற்றெழும்ப, அஞ்சலோட்டத்தில் எவருக்கும் தன் பாதை தெரியவில்லை. இதைச் சொல்லும்போது, தான் பிறப்பதற்கு முப்பத்துமூன்று வருடத்துக்கு முந்திய அந்தச் சாம்பல் கண்ணில் விழுந்ததுபோல் குணேஸ்வரி இமைகளைச் சுருக்குவார்.

“அம்மா, இது இப்ப இல்லாத ஒரு ஃபெராயின், முடிஞ்சுபோன சங்கம். ஆர் வாசிக்கப் போகினம்?” என்று மகள் ஆதிரை ஒருமுறை கேட்டாள்.

“ஓடினவை வாசிப்பினம்.”

ஒவ்வொரு உரையாடலின் முடிவிலும் கிழவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். “நீங்கள் என்ன ஓடினனீங்கள், தங்கச்சி?”

“பேர் குடுத்திருந்தது, அண்ணை. போட்டி நடக்கேல்லை.”

இணையத்தின் ஐம்பதாவது வருடத்தில், 1984இல், முதன்முறையாகப் பெண்களுக்கும் ஓர் ஓட்டம் வைப்பதாக அறிவித்தார்கள். எண்ணூறு மீட்டர். அவருடைய கல்லூரியில் ஆறு பேர் தெரிவானார்கள். பதினேழு வயது குணேஸ்வரிக்கு இலக்கம் நாலு. நாலு மாதம், பள்ளிக்கூடம் தொடங்க முன், மதிலுக்கு உள்ளே சுற்றிச் சுற்றி ஓடினார்கள். இரண்டாம் சுற்றில் எந்த வளைவில் மற்றவர்களை விட்டுப் பிரிவது என்பதுகூட அவருக்குத் தெரியும். பிறகு நாட்டு நிலைமை மோசமாகிப் போட்டி நின்றது. இணையமும் அத்தோடு போயிற்று. இரண்டு வருடத்தில் அவர் ஜெர்மனிக்கு வந்துவிட்டார். இன்றும் ரயில் நிலையத்திலிருந்து வேலைக்கு நடக்கையில் கால்கள் தாமாகவே எட்டிப் போகும். “நாடு குழம்பாமல் இருந்திருந்தா நான் ஓடியிருப்பன்,” என்பார்.

சித்திரையில் ஒரு செய்தி கிடைத்தது. இணையத்தின் கடைசிச் செயலாளர் கல்யாணசுந்தரம், எண்பத்தேழு வயது, பேர்லின் நகரின் நொய்கெல்ன் பகுதியில் மகனோடு இருக்கிறார். கூட்டறிக்கைப் புத்தகமும் அவரிடம்தான் இருக்கிறது.

தொலைபேசியில் அழைத்து, வந்து பார்க்க ஒரு நாளும் நேரமும் கேட்டார் குணேஸ்வரி. “டெர்மின் ஒண்டும் வேண்டாம், பிள்ளை. நான் எங்க போகப்போறன்? வாங்கோ.”

சனிக்கிழமை குணேஸ்வரி போனார். பழைய சாறத் துணியில் சுற்றிக் கடல் கடந்து வந்த புத்தகத்தை மேசையில் வைத்து, பெரியவரே பக்கம் புரட்டினார். ஒவ்வொரு பக்கமாக வாசித்து, தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டே வந்த குணேஸ்வரி, முடிவுக்கு முந்திய பக்கத்தில் நின்றுவிட்டார்.

‘பெண்களுக்கான எண்ணூறு மீட்டர் ஓட்டம், பார்வையாளர் ஒழுங்கைக் கருதி, நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கப்படுகிறது. ஏகமனதாக நிறைவேறியது.’ கீழே கல்யாணசுந்தரத்தின் கையெழுத்து.

போட்டியையே நிறுத்திய தீர்மானம் அடுத்த பக்கத்தில் இருந்தது. பதினேழு நாள் பிந்திய திகதி. அந்தப் பதினேழு விடியலும் குணேஸ்வரி ஓடியிருந்தார்.

“சேர், எங்களுக்கு ஆரும் சொல்லேல்லையே.”

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். “என்னட்டைத்தான் சொல்லச் சொல்லி விட்டவை. ஒருநாள் விடிய வந்து உங்கட மதிலுக்கு வெளியில நிண்டனான். நீங்கள் ஓடுற சத்தம் கேட்டுது. உள்ளுக்கு வர ஏலாமல் போச்சு.” கண்ணாடியைத் துடைத்தபடி, “பிறகு போட்டியே இல்லையெண்டு வந்தாப்போல, நல்லதாப் போச்செண்டு விட்டிட்டன்,” என்றார்.

“நாப்பது வருசமா நான் சண்டையைத்தான் திட்டினனான், சேர்.”

கீழே பேருந்து ஒன்று நின்று கிளம்பியது. கூட ஓடிய மற்ற ஐந்து பேரில் நாலு பேரின் தொலைபேசி இலக்கம் குணேஸ்வரியிடம் உண்டு. அவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தார். சொல்லாமலும் இருக்கலாம். அந்த இரண்டாம் சுற்று இன்னும் அவர்களுக்குள்ளும் ஓடிக்கொண்டுதானே இருக்கும்.

“இந்தப் பக்கத்தை விடுங்கோ, பிள்ளை,” என்றார் பெரியவர். “மிச்சம் எல்லாத்தையும் போடுங்கோ. வரலாறு வடிவா இருக்கட்டும்.” சொல்லிக்கொண்டே அந்த வரியின்மேல் பெருவிரலை வைத்தார்.

குணேஸ்வரி அந்தக் கையைப் பிடித்தார். பிறகு பெருவிரலை மெல்ல எடுத்துத் தாளின் ஓரத்தில் வைத்துவிட்டு, மற்றக் கையால் அந்த வரியைப் படம் எடுத்தார்.