ஒரு தரம் திறந்து பார்ப்பமா?

கலியாண வீட்டுச் சமையலில் இறைச்சி வேகுமுன் சமைக்கிறவன் வெந்துவிடுவான். கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆளா நீங்கள்? அப்படியென்றால் நீங்களும் நம்மவர்தான்; கூச்சப்படாமல் வாசியுங்கள். நான் நெடுங்காலம் மற்றவர்களின் அடுப்படியில் வெங்காயம் வெட்டியவன். தலை நரைத்த பிறகுதான் பெரிய கரண்டி என் கைக்கு வந்தது. சந்தேகமும் கூடவே வந்தது.

உப்பு

புத்தளத்தில் என் முதல் புரியாணி. உப்பைக் கை கையாக எண்ணித்தான் போட்டேன். கடைசியாகப் போட்டது ஆறாவது கையா, ஏழாவதா என்று சந்தேகம். சந்தேகத்துக்கும் சேர்த்து இன்னொரு கை போட்டேன். சாப்பிட வந்த உப்பளத் தொழிலாளி ஒருவர் ஒரு வாய் வைத்துவிட்டு, அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே என்னைத் தேடி வந்தார்.

"நானா, நாளெல்லாம் உப்புக்குள்ளதான் நிக்கிறன். இண்டைக்கு லீவு போட்டுட்டு வந்தது இதுக்கா?"

ருசி

அதற்குப் பிறகு என் நாக்கை நான் நம்பவில்லை. அடுப்படிப் பக்கம் வந்தவர், போனவர், விருந்தினர் உட்கார வாடகைக் கதிரைகள் இறக்க வந்தவர் எல்லோருக்கும் ஒரு துண்டு இறைச்சி கொடுத்து அபிப்பிராயம் கேட்டேன். விருந்துக்கு இறைச்சி குறைந்துபோனது. கதிரைக்காரர் மட்டும் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இன்னும் ரெண்டு துண்டு தந்தாத்தான் நானா சரியாச் சொல்லேலும்."

மூடி

புரியாணிக் கிடாரத்தின் மூடியை மாவால் ஒட்டி, மேலே தேங்காய்ச் சிரட்டைத் தணல் போட்டுவிட்டால் பிறகு தொடக்கூடாது. உள்ளே நிற்கிற ஆவிதான் சோற்றை அவிக்கிறது. தெரிந்தும், மாம்புரி ஊர்க் கலியாணமொன்றில் தணலைத் தள்ளித் தள்ளித் திறந்து பார்த்தேன். ஆவியெல்லாம் போய், மேல்சோறு அரிசியாகவே நின்றது. கலியாண வீட்டுக்காரர் கோபிக்கவில்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது.

"மாப்பிள்ளையே பொண்ணை ஒரு தரம்தான் பார்த்தார், நானா. நீங்க சோத்தை எத்தனை தரம் பார்ப்பீங்க?"

கண்டக்குழி

அந்தக் கதை ஊரெல்லாம் பரவி, என்னைக் கூப்பிடுவது நின்றது. கடலோரத்துக் கண்டக்குழியில் ஒரு கலியாணத்துக்குப் பேசியிருந்த சமையல்காரருக்குக் காய்ச்சல் என்பதால்தான் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். இதுவும் பிழையாய்ப் போனால் திரும்ப வெங்காயம்தான்.

மூடியை ஒட்டித் தணல் போட்டேன். கை சும்மா நிற்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துத் துடைத்து அதை அடக்கினேன். அப்போது பெண்ணின் வாப்பா வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"மாப்பிள்ளை வீட்டார் வந்திட்டாங்க, நானா. மெல்ல ஒரு தரம் திறந்து பார்ப்பமா?"

என் கேள்வியை இன்னொருவர் வாயில் கேட்டபோதுதான் அது எவ்வளவு மோசமான கேள்வி என்று விளங்கியது. அவர் கை தணல் பக்கம் போனது.

"தொட வேணாம்! நேரம் வந்தா நான் திறப்பன்!"

சத்தம் போட்டது நான்தான். கரையில் வலை இழுத்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பெண்ணின் வாப்பா போய் ஒரு கதிரையில் உட்கார்ந்துகொண்டார்.

நேரம் வந்தது, திறந்தேன். சோறு பூவாக உதிர்ந்தது. பலர் சேர்ந்து சாப்பிட்ட பெரிய சஹன் தட்டுகள் வழித்த மாதிரித் திரும்பி வந்தன. அவற்றைக் கழுவிக்கொண்டே என் கூட்டாளி நவாஸ் கேட்டான்: "நானா, இப்படியொரு குரல் உங்களுக்கு இருக்குது எண்டு உங்கட வீட்டில தெரியுமா?"

இத்தனை கிடாரங்களுக்குப் பிறகு நான் எண்ணிப் பார்த்ததில், பயம் போக ஒரே வழி நம்மைவிடப் பயந்த ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பதுதான். அவர் வரும்வரை கதவுப் பூட்டை இழுத்துப் பார்ப்பதில் குற்றமில்லை.